ஒரு மூடி அதிகம்

என் பெண்டாட்டி அன்பரசியிடமிருந்து போன் வந்தபோது நான் மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் இருக்கும் தெருவில் வண்டியை நிறுத்தி, ஒரு அம்மா நீட்டிய பழைய ஜூஸ் பாட்டிலில் புனலை வைத்துப் பினாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலை பதினொன்றரை இருக்கும். ஒலிபெருக்கியில் என் குரலே ஓடிக்கொண்டிருந்தது. பினாயில், ஆசிட், சோப்பு ஆயில், பாம்பு வராது, பல்லி வராது, எறும்பு எட்டிப் பார்க்காது. அதை அணைக்காமலே போனை எடுத்ததால் அவள் முதலில் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அணைத்த பிறகுதான் கேட்டது.

"மாமா, அது மல்லாந்துகினு கீது."

"எது மே?"

"முறுக்கு. வாயத் தொறந்துகினு தலைய மேல மேல தூக்குது. எனக்குப் பயமா கீது, நீ வா."

முறுக்கு என்பது ஒரு பாம்பு. அதற்கு அந்தப் பெயரை வைத்தது ஹரிப்ரியா மேடம். எந்நேரமும் சுருண்டே கிடப்பதால் அந்தப் பெயராம். மேடம் தேவனேரியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் தனியாக இருக்கிறது. முப்பது வயதுகூட ஆகாத பெண், கம்ப்யூட்டர் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தேதான் பார்க்கும். அன்பரசி ஏழு மாதமாக அங்கே வேலை செய்கிறாள். பாம்பு ஆப்பிரிக்காவில் இருக்கும் மலைப்பாம்புச் சாதி, விஷம் கிடையாது, அரசாங்கத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறேன் என்று மேடம் காகிதத்தையே எடுத்துக் காட்டியதாம். காகிதம் என்ன சொன்னால் என்ன, எங்கள் கண்ணுக்கு அது கண்ணாடி விரியன். அதே பழுப்பு, அதே கருந்திட்டு, அதே தடிமன். நானும் அன்பரசியும் கருங்குழிப் பக்கம் நெல் வயலில் கூலிக்கு இறங்கி வளர்ந்தவர்கள். விரியன் கடித்த காலை நான் பார்த்திருக்கிறேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால் அன்பரசி பாம்பு இருக்கும் அறைக்குள் ஒரு காலைக்கூட வைக்காமல், வாசலில் நின்றபடியே மாப்பு கட்டையை நீட்டித் துடைத்துவிட்டு வந்துவிடுவாள். கண்ணாடிப் பெட்டியைத் திறப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் மேடத்தின் வேலை.

போன திங்கட்கிழமை மேடம் ஆபீஸ் வேலையாகப் புனே கிளம்பியது. நான்கு நாள். முறுக்குக்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் தினம் மாற்றுங்கள் அக்கா, கையைக்கூட மோந்து பார்க்கும், கடிக்காது என்று சொல்லிவிட்டுப் போயிற்று. இன்னொன்றும் சொன்னது. அந்த அறையில் பினாயில், டெட்டால், வாசனை ஸ்ப்ரே எதுவும் கூடவே கூடாது, வெறும் தண்ணீரில் துடைத்தால் போதும், அதற்கு அந்த வாடையே தாங்காது.

இதைத்தான் அன்பரசி அன்று ராத்திரி சோறு போடும்போது என்னிடம் சொன்னாள். நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து வருஷமாக இந்தக் கடற்கரை முழுக்கப் பினாயில் ஊற்றினால் பாம்பு வராது என்று கத்திக்கொண்டு போகிறேன். உள்ளுக்குள் எனக்கே அதில் முக்கால்வாசி நம்பிக்கை கிடையாது. இப்போது படித்த ஒரு பெண், பாம்பைப் பெற்ற பிள்ளைபோல் வளர்க்கிற பெண், பாம்புக்குப் பினாயில் தாங்காது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது. பாம்பு பயந்து மூலையில் ஒண்டிவிடும் என்றுதான் வேண்டாம் என்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அன்பரசிக்கும் அது சரியாகத்தான் பட்டது. கையை உள்ளே விட்டுக் கிண்ணத்தை எடுக்கப்போவது அவள். அந்த நேரத்தில் பாம்பு மூலையில் ஒண்டினால் நல்லதுதானே. நம்முடைய பினாயிலில் ஒரு துணியை நனைத்து, பெட்டிக்குள் அது படுத்திருக்கும் குடிலுக்கு முன்னால் போட்டுவிட்டுக் கிண்ணத்தை எடு, பெட்டியைச் சுற்றியும் ஒரு கோடு ஊற்றிவிடு என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

பாட்டிலையும் நான்தான் கலந்து கொடுத்தேன். அந்தக் கலவையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் விற்கும் பினாயில் எண்ணெயை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் நீல டிரம்மில் தண்ணீரோடு சேர்த்து அடித்தால் பால்போல வெள்ளையாகிவிடும். அவ்வளவுதான் பினாயில். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு, உன் பினாயில் ஊற்றிய இடத்திலேயே எறும்பு வரிசை கட்டிப் போகிறது என்று ஒரு தெருவே என்னைக் கேலி செய்தது. மதுராந்தகத்தில் உரக்கடையில் நெல்லுக்கு அடிக்கிற மருந்து ஒரு டப்பா வாங்கினேன். டிரம்முக்கு ஒரு மூடி. எறும்பு செத்து விழுந்தது, கரப்பான் மல்லாந்தது, கேலி செய்தவர்களே தேடி வந்து வாங்கினார்கள். பிறகு இரண்டு மூடி ஆயிற்று. அது அன்பரசிக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. மேடத்தின் வீட்டுக்கென்று நான் கலந்த பாட்டிலில் தண்ணீரே அதிகம் சேர்க்கவில்லை. மருந்தை மட்டும், டிரம்முக்குப் போடுகிற கணக்கில் அந்த ஒரு பாட்டிலுக்கே ஊற்றினேன். அவள் கை உள்ளே போகப்போகிறதே என்ற பாசத்தில் அதற்கு மேலும் ஒரு மூடி.

முதல் நாள் பாம்பு குடிலைவிட்டு வெளியே வரவே இல்லை. பாத்தியா, வேலை செய்யுது என்றேன். அவளும் சிரித்தாள். இரண்டாம் நாள்தான் இந்த போன்.

தேவனேரிக்குப் பத்து நிமிஷம். வண்டியின் இரண்டு பக்கமும் கேன்கள் குலுங்க ஈ.சி.ஆரில் போகும்போது எனக்குப் பாம்பைப் பற்றிக் கவலை இல்லை. மேடம் வந்து கேட்டால் என்ன சொல்வது, அன்பரசிக்கு வேலை போய்விடுமே, பதிவு செய்த பாம்பு என்றால் போலீஸ் வருமா என்றெல்லாம்தான் ஓடியது. பாட்டிலை முதலில் அங்கிருந்து அப்புறப்படுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்பரசி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்து ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனேன். பாம்புக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னலெல்லாம் சாத்திய அறை அது. கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. என் சரக்கின் வாடைதான், ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. மருந்து அடித்த மறுநாள் காலையில் வரப்பில் நடந்தால் வரும் அந்தப் பூண்டு வாடை. தெருவில், காற்றில், ஒரு நாளும் அதை நான் உணர்ந்ததில்லை. பெட்டிக்குள் முறுக்கு சுருண்டிருக்கவில்லை. நீளமாகக் கிடந்தது. உடம்பு முழுக்கச் சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தது. தலை கூரையைப் பார்த்து முறுக்கித் திரும்பி, கீழே விழுந்து, மறுபடி எழுந்தது. வாய் பிளந்திருந்தது, ஓரத்தில் எச்சில் நூலாக இறங்கியது. புரண்டு நேராகப் படுக்கப் பார்த்து முடியாமல் வயிறு தெரிய விழுந்தது. வெள்ளை வயிறு. எனக்குப் பயம் வந்தது. இத்தனை வருஷம் பாம்பைப் பார்த்து வந்த பயம் இல்லை இது. இந்த நடுக்கத்தை நான் இதற்கு முன்பு ஒரு மனிதனிடம் பார்த்திருக்கிறேன். முகத்தில் துணியைக் கட்டாமல் காற்றுக்கு எதிரே நின்று மருந்தடித்த ஒரு ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம்.

துணியை எடுத்து வெளியே வீசினேன். ஜன்னல்களைத் திறந்தேன். பாட்டிலை எடுத்துப்போய் என் வண்டியின் பெட்டியில் கேன்களுக்கு நடுவே சொருகினேன். கை தானாகச் செய்தது.

"மேடத்துக்கு போன் போடலாம்," என்றேன். "கடையில வாங்குன பினாயில்னு சொல்லிடு. பேர் ஞாபகம் இல்லன்னு சொல்லு."

அன்பரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏன் மாமா பொய் சொல்லணும்? வேணாம்னு சொன்னத செஞ்சது தப்புதான், அத ஒத்துக்கலாம். ஆனா நம்முளுது நல்ல சரக்குதான. கடைக்காரன் சரக்கு இன்னா எழவோ யாருக்குத் தெரியும்? நம்முளுதுன்னே சொல்லு."

அவள் போனில் மேடத்தின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினேன்.

மேடம் முதல் மணியிலேயே எடுத்தது. அன்பரசி தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். பயத்தில் செய்துவிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் திட்டு வரும் என்று காத்திருந்தோம். திட்டவில்லை. மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. "அக்கா, லைன்லயே இருங்க, டாக்டரையும் சேர்க்கிறேன்," என்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆண் குரல் வந்தது. உலகநாதன், கோவளத்தில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை மருத்துவர். வீடியோவில் காட்டச் சொன்னார். நான் போனைப் பெட்டிக்கு நேராகப் பிடித்தேன். அவர் இரண்டு முறை அசைக்காதீங்க என்று சொல்ல வேண்டியிருந்தது.

"சாதாரண பினாயில்னா மூச்சு திணறும், தோல் வெந்துபோகும்," என்றார் அவர். "ஆனா இது இந்த மாதிரி துடிக்குது, எச்சில் இவ்வளவு வருது. எனக்கு வேற சந்தேகம் இருக்கு. அந்த பாட்டில்ல என்னென்ன இருக்கு?"

"நாங்களே கலக்கறது சார்," என்றேன். "எண்ணெயும் தண்ணியும்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார்."

"பூச்சி மருந்து ஏதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்த விஷத்துக்குன்னு தனி ஊசி இருக்கு, உடனே போட்டா பிழைக்க வாய்ப்பு இருக்கு. ஆனா அந்த விஷம் இல்லாம அந்த ஊசியப் போட்டா ஊசியே கொன்னுடும். என்னால குத்துமதிப்பா போட முடியாது."

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு பாம்புதானே. செத்தால் மேடம் நாலு நாள் அழும், அன்பரசி வேறு வீடு பார்த்துக்கொள்வாள், நான் மருந்து டப்பாவைக் கிணற்றில் போட்டுவிட்டு நாளை முதல் வெறும் பினாயில் விற்பேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது பாம்போடு நிற்காது. இரண்டு வருஷமாக என் வண்டி போன தெருக்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. மீனவர் குடியிருப்பு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து, பட்டிப்புலம், நெம்மேலி. எல்லா வீட்டிலும் தரை பளபளவென்று இருக்கிறது. அந்தத் தரையில் யாரெல்லாம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாரெல்லாம் படுக்கிறார்கள், எந்தப் பிள்ளை தவழ்கிறது என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்று விற்கிறவனுக்கு எல்லா வீட்டுத் தரையும் தெரியும். ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"சரி, இன்னொன்னு," என்றார் டாக்டர். "அந்த ரூம்ல வேலை செஞ்சவங்க யாரு? அவங்களுக்குத் தலைசுத்தல், கண்ணுல தண்ணி வடியறது, வாய்ல எச்சி ஊறுறது, வாந்தி, ஏதாவது இருக்கா?"

நான் திரும்பினேன். அன்பரசி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அவள் அழவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தில் அழுகையே இல்லை.

"ஆமா சார், காலையிலேர்ந்தே தல சுத்துது," என்று அவள் போனைப் பார்த்து, மரியாதையாக, ஏதோ சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள். "வாயில எச்சியா ஊறிகினே கீது. பயத்துல ஆவுதுன்னு நென்சேன். நாஸ்தாகூட வாந்தியா வந்துட்சி."

"நெல்லுக்கு அடிக்கிற மருந்து சார்," என்றேன்.

சொன்னது என் குரல்தான். டப்பாவின் பெயரையும் சொன்னேன். எத்தனை மூடி என்பதையும், இந்த பாட்டிலில் மட்டும் ஒன்று அதிகம் என்பதையும் சொன்னேன். டாக்டர் கேட்காததையும் சொன்னேன். இரண்டு வருஷமாக என்பதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மேடம் "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. அது பாம்புக்காகவா, அன்பரசிக்காகவா என்று தெரியவில்லை. நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதலில் அந்தம்மா கை, காலெல்லாம் சோப்பு போட்டுக் கழுவட்டும், துணி மாற்றட்டும் என்றார். பாம்பைக் கை படாமல் எடுத்து வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவுங்கள், தலை முழுகக் கூடாது, பிறகு சுத்தமான தலையணை உறையில் போட்டுக் கட்டி நேரே கோவளம் கொண்டுவாருங்கள் என்றார். என் கிளினிக்குக்கு இரண்டு கட்டிடம் தள்ளி மனுஷங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, அவங்களை அங்கே சேர்த்துவிட்டுத்தான் மறு வேலை, நான் அங்கே போன் பண்ணிச் சொல்லி வைக்கிறேன் என்றார். வழியில் மயக்கம் வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னார்.

அன்பரசி குளியலறையில் கை கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. வெளியே வந்தபோது மேடத்தின் பழைய நைட்டி ஒன்றைப் போட்டிருந்தாள். நான் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டு, அது நெளிந்ததும் வெளியே இழுத்துக்கொண்டேன். இன்னொரு முறை விட்டேன். மறுபடி இழுத்துக்கொண்டேன். அன்பரசி என் கையிலிருந்த கவர்களை உருவித் தன் கையில் மாட்டினாள். வேணாம், உனக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, நடுவில் ஒரு கையும் கழுத்துக்குக் கீழே ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினாள். அவள் முழங்கை வரைக்கும் மயிர்க்கூச்செறிந்திருந்தது. நான் குவளையால் தண்ணீர் ஊற்றினேன், அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் பட்டதும் முறுக்கு அவள் மணிக்கட்டை ஒரு சுற்று சுற்றியது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். "இரு, இரு, ஆச்சு," என்று அதனிடம் சொன்னாள். அவள் அந்த அரை மணி நேரத்தில் பேசியது அவ்வளவுதான், அதுவும் என்னிடம் இல்லை.

கேன்களை எல்லாம் வண்டியிலிருந்து இறக்கி மேடத்தின் வீட்டுச் சுவர் ஓரமாக வைத்தேன். அவள் தலையணை உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் தோளைப் பிடிக்காமல் அவள் வண்டியில் உட்கார்ந்ததில்லை. மேடு பள்ளத்தில் விழுந்துவிடுவாளோ என்று மெதுவாக ஓட்டினேன், மெதுவாகப் போனால் நேரம் ஆகுமே என்று வேகமாக ஓட்டினேன். "தல சுத்துதா மே?" என்று கேட்டேன். நெம்மேலி தாண்டும்போது இன்னொரு முறை கேட்டேன். கண்ணாடியைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறைக்குள் அசைவு இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோவளத்துக்குள் திரும்பினால் கிளினிக் ஐந்து நிமிஷம். அந்தத் தெருவழியாகத்தான் போக வேண்டும். புதன்கிழமைதோறும் நான் சரக்கு விற்கும் தெரு. மொய்னுதீன் பாயின் மருமகள் நஜ்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு இடுப்பில் குழந்தை, மறு கையில் காலி பாட்டில். வண்டியைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு பாட்டிலைத் தூக்கி ஆட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வேகத்தைக் கூட்டினேன்.

"வண்டிய நிறுத்து," என்றாள் அன்பரசி.

"டாக்டர் காத்துகினு கீறாரு. உனக்கு வேற..."

"நிறுத்து மாமா. அவகிட்ட நீயே சொல்லு."

நிறுத்தினேன். நஜ்மா சிரித்துக்கொண்டே அருகில் வந்தாள். "நல்ல வேளண்ணே, நேத்தே தீந்துபோச்சு. புள்ள தவழ ஆரம்பிச்சிட்டான்ல, தெனம் ரெண்டு வேள தொடச்சிகினு கீறேன்," என்று பாட்டிலை நீட்டினாள். பிறகு வண்டியில் கேன் எதுவும் இல்லாததையும், அன்பரசியின் கண்ணையும், மடியிலிருந்த மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு மெதுவாகக் குறைந்தது. இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் தலையணை உறையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முழங்கால் இரண்டிலும் தோல் சிவந்து சொரசொரப்பாக இருந்தது. உறைக்குள் ஏதோ ஒன்று லேசாக நெளிந்தது. குழந்தை வாய்விட்டுச் சிரித்து, அதைத் தொடுவதற்குக் கையை நீட்டியது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.